சேர்வராயன் மலைப் பேரியும் அடுக்குமாவும்: எளிய பழ டார்ட்டு செய்யும் முறை

அடுக்களையில் நிகழ்வனவற்றிற்கும் ஆராய்ச்சிச் சாலையில் நிகழ்வனவற்றிற்கும் இயற்கை வெவ்வேறு சட்டம் வகுத்திலது. அரிசி வேதலும், பால் உறைதலும், தோசை மாவு புளித்துப் பொங்குதலும் காரணத்தோடு கூடிய காரியங்களேயாம். ஆயினும், இவ்வளவு இடுக, இவ்வளவு நேரம் வேகவைக்க என்னும் அளவோடு நின்று, ஏன் அவ்வாறு செய்தல் வேண்டுமென வினவாதிருத்தல் நம்மிற் பலர்க்கு இயல்பாகிவிட்டது. காரணம் அறியாதார் சமையல், பொருளறியாது நெட்டுருப் பண்ணிய பாடத்தை ஒக்கும். வினா சிறிது மாறியவிடத்து அது துணைநில்லாது.

இக்கருத்தை விளக்குதற்குப் பொருத்தமானதொரு சிறு பண்டத்தை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். கடையில் வாங்கிய பப்ஸ் மாவின்மேல் ஏற்காட்டுப் பேரிக்காயைப் பரப்பிச் சுட்டெடுக்கும் பழ டார்ட்டே அது. டார்ட்டு என்பது மேல்மூடி இல்லாத பழ அப்பம். அடியில் மாவு, மேலே பழம், இவ்வளவே அதன் உறுப்புகள். முட்டை பப்ஸும் காய்கறி பப்ஸும் அறியாத மாணவர் நம் நாட்டில் அரியர். அவற்றின் பொரபொரத்த மேலோடு எம்மாவினாற் செய்யப்படுகின்றதோ, அம்மாவே இதற்கும் உரியது. அதனைப் பப்ஸ் மாவு என்றும், அதன் இயல்பு நோக்கி அடுக்குமாவு என்றும் இங்கே வழங்குவோம்.

இதனை எளிய முறை என்றது யாது கருதியெனின், மாவை அடுக்கும் கடும் உழைப்பைப் பேக்கரியார் முன்னரே முடித்துத் தருதல் கருதியென்க. நமக்கு எஞ்சி நிற்பவை மூன்றே: மாவைக் குளிர்ச்சியாக வைத்தல், பழத்தின் நீரை அடக்குதல், ஓவனின் சூட்டைக் குறையாது காத்தல். இம்மூன்றும் செவ்வையாக நடப்பின் டார்ட்டும் செவ்வையாக அமையும். கீழ்வருவன யாவும் இம்மூன்றன் விரிவேயாம்.

மலையும் பேரியும்

சேலம் நகரத்திற்கு வடகிழக்கே சேர்வராயன் மலை நிற்கின்றது. அம்மலைமேல், கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், ஏற்காடு அமைந்துள்ளது. ஏரியும் காடும் சேர்ந்து ஊர்ப்பெயராயின என்பர். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர் அளவில், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அவ்வூரை அடையலாம். வழியில் ஏற ஏற வெப்பம் தணிதலை எவரும் உணர்வர். சில்வர் ஓக் மரங்களின் நிழலிலே காப்பிச் செடிகளும், அம்மரங்களைப் பற்றிப் படரும் மிளகுக் கொடிகளும், இடையிடையே ஆரஞ்சும் பலாவும் பேரியும் அம்மலைத் தோட்டங்களின் வழக்கமான காட்சியாம்.

பேரி அம்மலைக்குத் தொன்றுதொட்டு உரிய மரமன்று. 1820 முதல் 1829 வரை சேலத்திற் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் என்பார், அங்கே காப்பியையும், பேரி முதலிய குளிர்நாட்டுப் பழமரங்களையும் கொணர்ந்து பயிரிடச் செய்தவராகப் போற்றப்படுகின்றார். கிரேஞ்சு என்னும் தோட்டம் அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது. காப்பி அம்மலையின் முதன்மைப் பயிராக வளர்ந்தது. ஆப்பிளோ அங்ஙனம் வேரூன்றவில்லை. அதன் காரணம் ஆராயத்தக்கது. ஆப்பிள் முதலிய மரங்கள் இலையுதிர்த்து உறங்கிய பின்னர், மொட்டுவிட்டு விழித்தற்குப் பல நூறு மணிநேரம் 7 பாகைக்குட்பட்ட குளிரை வேண்டுவன. ஏற்காட்டில் அத்துணைக் குளிர் நெடுநேரம் நிலவுவதில்லை. ஆசியாவின் மணற்பேரி இனத்தைச் சார்ந்த பேரிகளோ குறைந்த குளிரிலேயே பூத்துக் காய்க்கும். ஆதலின், தென்னாட்டு மலைகளிற் பேரி நிலைத்தது.

நிலைத்தும் அது பெரும்புகழ் பெற்றிலது. நம் மக்கள் அதனைப் பழமென்னாது பேரிக்காய் என்றே வழங்குதலை நோக்குக. அதன் சதை உறுதியானது. நன்கு முதிர்ந்த பின்னரும் மொறுமொறுப்பு நீங்காதது. மெல்லுங்கால் மணல் நெருடுவது போன்றதோர் உணர்ச்சியைத் தருவது. அந்நெருடலுக்குக் காரணம் மணலன்று. பேரியின் சதையினுள்ளே, சுவர் தடித்து மரம்போல் இறுகிய நுண்ணுயிரணுக்கள் கொத்துக் கொத்தாக அமைந்துள்ளன. தாவர நூலார் அவற்றைக் கல்லணுக்கள் என்பர். அவை நடுவிதையைச் சூழ்ந்த பகுதியில் மிகுதியும் செறிந்திருக்கும். மலைக்குச் செல்வோர் வழியோரக் கூடையில் இக்காயை வாங்கி, ஒருமுறை கடித்து, கல்லைப் போலிருக்கின்றதே என்று கைவிடுதல் உண்டு. அயல்நாட்டிலிருந்து மெழுகு பூசி வரும் ஆப்பிளுக்கு அளிக்கும் மதிப்பில் ஒருபகுதியேனும் அவர் இதற்கு அளிப்பதில்லை.

ஆயின், பச்சையாகத் தின்பார்க்குக் குறையெனத் தோன்றிய அவ்வுறுதியே அடுப்பிலேறியவழிக் குணமாகின்றது. மென்மையான பழத்தை ஓவனில் வைப்பின், அது குழைந்து நீராய் ஓடி மாவை நனைக்கும். வன்பேரியோ வெந்த பின்னரும் தன் வடிவத்தை விடாது, சர்க்கரையை ஏற்றுக்கொள்ளும், பட்டையின் மணத்தையும் எலுமிச்சையின் புளிப்பையும் தன்பால் இழுக்கும். ஒரு விளைபொருளைக் குறைகூறுமுன், அதற்குரிய பயனை அறிந்தோமா என வினவுதல் கற்றார் கடன். பயனறியாத பண்டத்தை வாங்குவார் இலர். வாங்குவாரில்லாத மரத்தைப் பேணுவாரும் இலராவர். ஆகவே, இச்சிறு அப்பத்தில் நாவின் இன்பம் மட்டுமன்றி, மலைத்தோட்டத்தின் நலமும் ஓரளவு அடங்கியுள்ளது எனலாம்.

அடுக்குமாவின் இயல்பு

மைதாவும் நீரும் உப்பும் சேர்த்துப் பிசைந்த மாவை விரித்து, அதன்மேல் கொழுப்பை ஒரு தகடாகப் பரப்பி, மாவினால் மூடி, மீண்டும் மீண்டும் நீட்டி மடித்துச் செய்வது அடுக்குமாவு. ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டிலேயே இம்முறை சமையல் நூல்களில் எழுதப்பட்டுவிட்டது. நமக்கும் இக்கொள்கை புதிதன்று. புரோட்டாவை வீசி விரித்து, எண்ணெய் தடவி, சுருட்டித் தட்டுதலும், பேணியை இழை இழையாகப் பொரித்தெடுத்தலும் கொழுப்பினால் மாவை மாவினின்று பிரித்துவைக்கும் உபாயங்களேயன்றோ?

இதன் கணக்கு வியக்கத்தக்கது. ஒரு கொழுப்புத் தகட்டை உள்ளடக்கிய மாவை மும்மடிப்பாக மடித்தால், கொழுப்பின் அடுக்குகள் 3 ஆகும். மறுமுறை மடித்தால் 9. பின்னர் 27, 81, 243. ஆறாம் முறை மடிக்குங்கால் 729 ஆகும். அவற்றைச் சூழ்ந்த மாவின் அடுக்குகள் 730. இரண்டும் கூட 1,459. இவ்வளவும் சேர்ந்த மாவை 4 மில்லிமீட்டர் கனத்திற்கு விரித்தால், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 365 அடுக்குகள் அமையும். பேக்கரிகளில் நான்காக மடித்தலும் வழக்கத்திலுண்டு. அவ்வாறு நான்கு முறை மடிப்பின் 256 கொழுப்படுக்குகள் உண்டாகும். மடிப்பின் எண்ணிக்கை எதுவாயினும் கொள்கை ஒன்றே.

இம்மாவில் ஈஸ்டு இல்லை, சோடாவும் இல்லை. அங்ஙனமிருக்க, இது பொங்குவது எதனால்? மாவிலும் கொழுப்பிலும் உள்ள நீர் ஆவியாதலால் என்க. நீர் ஆவியாகுங்கால் அதன் கன அளவு 1,600 மடங்கிற்கு மேல் பெருகுகின்றது. சூடான ஓவனில் ஒவ்வோர் அடுக்கிலுமுள்ள நீர் ஒருங்கே ஆவியாகி வெளியேற முயல்கின்றது. உருகிய கொழுப்பு, மாவின் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டாதவாறு தடுக்கின்றது. மைதாவின் பசைத்தன்மை ஒவ்வொரு தகட்டையும் கிழியாது தாங்குகின்றது. ஆவி தகடுகளை மேலே தூக்க, தூக்கியபடியே அவை வெந்து இறுகுகின்றன. இதுவே பொரபொரப்பின் வரலாறு.

இதனின்று இரண்டு விதிகள் தாமே பெறப்படும். முதலாவது, ஓவனிற் புகும்வரை கொழுப்பு உருகலாகாது. உருகினால் அது மாவிற் கலந்துவிடும். அடுக்கு என்பதே இல்லையாகும். இரண்டாவது, ஓவனின் சூடு தொடக்கத்திலேயே மிக்கிருத்தல் வேண்டும். சூடு குறைந்திருப்பின், ஆவி எழுமுன்னரே கொழுப்பு உருகித் தட்டில் வழிந்தோடும். குளிரினின்று நேரே கொடுஞ்சூட்டிற்கு மாறுதல் இம்மாவின் உயிர்நிலை.

வெண்ணெய் 32 முதல் 35 பாகை அளவில் உருகுவது. கோடையிற் சேலத்து வெப்பம் அதனை எளிதாகக் கடந்துவிடும். ஆதலின், சமவெளிப் பேக்கரிகளில் வெண்ணெய்க்கு மாறாக, உருகுநிலை உயர்ந்த மார்கரின், வனஸ்பதி முதலியவற்றைக் கையாள்வர். அவை கையாளுதற்கு எளியன. ஆயினும், நம் உடலின் வெப்பம் 37 பாகையே ஆதலால், அதற்கு மேற்பட்ட சூட்டில் உருகும் கொழுப்பு வாயில் முற்றும் கரையாது, அண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டும். சில பப்ஸுகளைத் தின்றபின் சூடான தேநீர் பருகினாலன்றி வாய் தெளியாமைக்குக் காரணம் இதுவே. ஏற்காட்டின் குளிர்ச்சியில் வெண்ணெய் இட்ட மாவையும் அச்சமின்றிக் கையாளலாம்.

கடைமாவைத் தேர்தலும் காத்தலும்

அடுக்குமாவு இரு வகையாற் கிடைக்கும். பெருநகரக் கடைகளில் உறையவைத்த தகடுகளாக விற்கின்றனர். அஃது இல்லாத ஊர்களில், பப்ஸ் செய்யும் பேக்கரியாரிடம் முதல்நாளே சொல்லிவைத்து, சுடாத மாவைத் துண்டாக வாங்கிக்கொள்ளலாம். வாங்குங்கால் மாவின் வெட்டுமுகத்தை நோக்குக. அடுக்குகள் புத்தகத்தின் தாள்கள்போல் நேராகத் தோன்றினால் மாவு நன்று. கலங்கி ஒரே பரப்பாகத் தோன்றினால், கொழுப்பு ஒருமுறை உருகிவிட்டது என்று கொள்க.

சேலத்தில் வாங்கி மலைக்குக் கொண்டுசெல்வோர், மாவைப் பிளாஸ்டிக் உறையில் இறுகச் சுற்றி, பனிக்கட்டியிட்ட பெட்டியில் வைத்தல் நலம். வீடு சேர்ந்தவுடன் பிரிட்ஜில் 30 நிமிஷமேனும் படுக்கையாக வைக்க. உறைந்த தகடாயின், பிரிட்ஜின் கீழ்த்தட்டில் முதல்நாள் இரவே வைத்து மெல்ல இளகச் செய்க. வெயிலிலும் அடுப்பருகிலும் வைத்து இளக்குதல் ஆகாது. விளிம்பு உருகி நடு உறைந்திருக்கும் மாவு விரிக்குங்கால் பிளந்துபோம்.

மாவைச் சப்பாத்தி மாவுபோற் பிசைதல் பெருங்கேடு. பேக்கரியார் அரிதின் அமைத்த அடுக்குகளை நம் விரல்கள் ஒரு நொடியில் அழித்துவிடும். வெட்டி எஞ்சிய துண்டுகளையும் உருண்டையாகத் திரட்டாது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்து விரித்துக்கொள்க.

வேண்டும் பொருள்கள்

ஆறு பேர்க்குப் போதுமான ஒரு டார்ட்டுக்கு வேண்டுவன வருமாறு:

அடுக்குமாவு 250 கிராம்.
முதிர்ந்த பேரிக்காய் 500 கிராம். அளவிற்கேற்ப மூன்று அல்லது நான்கு.
சர்க்கரை 80 கிராம்.
எலுமிச்சம்பழம் ஒன்று.
பட்டை விரல்நீளத் துண்டு ஒன்று, கிராம்பு இரண்டு.
பொடித்த ரஸ்க் இரண்டு மேசைக்கரண்டி.
வெண்ணெய் 15 கிராம்.
மேலே தடவுதற்குப் பால் சிறிது, அல்லது அடித்த முட்டை ஒன்று.

செய்முறை

முதலிற் பேரியைப் பக்குவஞ்செய்க. தோலைச் சீவி, நான்காகப் பிளந்து, நடுவிதையோடு அதனைச் சூழ்ந்த சதையையும் சற்றுத் தாராளமாகவே நீக்குக. கல்லணுக்கள் அங்கே செறிந்திருத்தலை மேலே கூறினோம். வெட்டிய பேரி காற்றுப்பட்டவுடன் பழுப்பாகும். சதையிலுள்ள ஒருவகை நொதி காற்றின் பிராணவாயுவோடு சேர்ந்து இந்நிறமாற்றத்தைச் செய்கின்றது. புளிப்பு அந்நொதியின் வேகத்தைத் தணிக்கும். ஆதலின், பாதி எலுமிச்சையின் சாறு கலந்த நீரில் துண்டுகளை உடனுக்குடன் இட்டுவைக்க.

பின்னர், துண்டுகள் மூழ்கும் அளவு புதுநீரில் பட்டையும் கிராம்பும் இட்டு, சிறுதீயில் வேகவைக்க. ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. பழத்தின் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்துநிற்கும் பெக்டின் என்னும் பொருள் கரைந்தாலன்றிப் பேரி மெத்தெனாது. மிகுந்த சர்க்கரையும் புளிப்பும் அக்கரைவைத் தடுப்பன. ஆகவே, முதலில் வெறும் நீரில் அரைவேக்காடாக வேகவைத்து, அதன் பின்னரே சர்க்கரையைச் சேர்க்க. எஞ்சிய எலுமிச்சைச் சாற்றை இறுதியிற் சேர்க்க. கத்தியின் நுனி தடையின்றிப் புகுமளவில் இறக்கிவிடுக. சேலத்தில் நீர் ஏறக்குறைய 99 பாகையிற் கொதிக்கும். ஏற்காட்டில் காற்றின் அழுத்தம் குறைவாதலால் 95 பாகையிலேயே கொதித்துவிடும். ஆதலின், ஒரே காய் மலைமேல் வேகச் சற்று மிகுதியான நேரம் பிடிக்கும். 15 நிமிஷம் முதல் 30 நிமிஷம் வரை ஆகலாம். கடிகாரத்தினும் கத்திமுனையே இங்கே நம்பத்தக்கது.

வெந்த துண்டுகளைப் பாகிலேயே ஆறவிட்டு, பின் எடுத்துத் தூய துணிமேற் பரப்பி ஈரம் ஒற்றுக. நன்கு ஆறியபின் அரை சென்டிமீட்டர் கனத்தில் நீளவாக்கில் சீவிக்கொள்க. எஞ்சிய பாகைத் தேன்பதம் வரும்வரை காய்ச்சி வைத்துக்கொள்க; அது பின்னர்ப் பயன்படும்.

இதற்கிடையே ஓவனை 200 பாகைக்கு ஏற்றி, சுடுதட்டையும் உள்ளேயே வைத்து, 20 நிமிஷம் காயவிடுக. வெறுந்தட்டைக் காயவைத்தல் எதற்கெனின், அதன்மேல் வைத்தவுடனே டார்ட்டின் அடிப்புறம் வேகத் தொடங்கும்பொருட்டு.

மாவைப் பிரிட்ஜினின்று எடுத்து, பட்டர் பேப்பரின்மேல் வைத்து, சிறிது மைதா தூவி, பூரிக்கட்டையால் 25 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ளதாக விரிக்க. நான்கு ஓரங்களையும் கூரிய கத்தியால் நேர்கீழாக வெட்டிச் சீராக்குக. கத்தியை இழுத்து அறுப்பின் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அவ்வோரம் எழாது நிற்கும். பின்னர், விளிம்பினின்று 2 சென்டிமீட்டர் உள்தள்ளி, நான்கு புறமும் கத்தியால் ஒரு கோடு கீறுக. அக்கீறல் மாவின் பாதிக் கனத்திற்கு மேற் செல்லலாகாது. கோட்டிற்கு உட்பட்ட பகுதியை முட்கரண்டியால் நெருக்கமாகக் குத்துக. குத்திய துளைகளின் வழியே ஆவி வெளியேறுதலால் நடு தாழ்ந்து நிற்கும். குத்தாத விளிம்பு உயர்ந்தெழுந்து, பழத்திற்குச் சுற்றுச்சுவராக அமையும்.

நடுப்பகுதியில் ரஸ்க் பொடியைத் தூவுக. அது பழத்தினின்று கசியும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதன்மேல் பேரிச் சீவல்களை, ஓட்டுவீட்டின் ஓடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்று சிறிது ஏறுமாறு அடுக்குக. ஒரே வரிசைக் கனம் போதும், குவித்தலாகாது. வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி ஆங்காங்கே இடுக. விளிம்பின் மேற்புறத்தில் மட்டும் பாலையோ முட்டையையோ மெல்லத் தடவுக. வெட்டுமுகத்தில் வழியவிடின், அது பசைபோல் அடுக்குகளை ஒட்டிவிடும்.

இவ்வாறு அமைத்ததைப் பட்டர் பேப்பரோடு மீண்டும் 15 நிமிஷம் பிரிட்ஜில் வைக்க. இதனை வீண்காலம் என்று எண்ணற்க. விரித்தலால் இளகிய கொழுப்பு மீண்டும் இறுகுதற்கும், இழுபட்ட மாவு தளர்ந்து அமைதியுறுதற்கும் இந்த ஓய்வு இன்றியமையாதது. பின்னர்ப் பேப்பரோடு எடுத்துச் சூடேறிய தட்டின்மேல் வைத்து, ஓவனின் கீழ்ப்பகுதியில் 30 முதல் 35 நிமிஷம் சுடுக. முதல் 20 நிமிஷம் கதவைத் திறத்தல் கூடாது. திறப்பின் சூடு இறங்கி, எழுந்துகொண்டிருக்கும் அடுக்குகள் அமுங்கும். விளிம்பு பொன்னிறம் கடந்து செந்நிறமாகி, அடிப்புறத்தைத் தூக்கி நோக்குங்கால் அதுவும் சிவந்திருப்பின், எடுத்துவிடலாம்.

எடுத்தவுடன், காய்ச்சிய பாகைப் பேரியின்மேல் தடவுக. பளபளப்பும் மணமும் உண்டாகும். டார்ட்டைத் தட்டிலேயே விடாது கம்பிவலைமேல் மாற்றுக. அடியினின்று எழும் ஆவி வெளியேற வழியில்லையாயின், அது மீண்டும் நீராகி, வெந்த மாவையே நனைத்துவிடும். 15 நிமிஷம் ஆறியபின் அரிவாட்பல் போன்ற ரொட்டிக் கத்தியால் அறுத்துப் பரிமாறுக. செய்த அன்றே உண்ணுதற்குரியது இப்பண்டம். மறுநாட்கு வேண்டுவோர், பேரியை மட்டும் வேகவைத்துப் பாகோடு பிரிட்ஜில் வைத்து, வேண்டியபோது மாவின்மேல் இட்டுச் சுட்டுக்கொள்க.

வீட்டில் ஓவன் இல்லாதார் பிரஷர் குக்கரில் மணல் பரப்பிச் சுட முயல்வதுண்டு. கேக்கிற்கு அது ஓரளவு உதவும். அடுக்குமாவிற்கோ மேற்புறத்துச் சூடு போதாமையால், அடி சிவந்து மேல் வெளுத்து நிற்கும். அன்னார், டார்ட்டை அமைத்துக் குளிரவைத்து, அறிமுகமான பேக்கரியாரிடம் வேண்டி அவர்களுடைய ஓவனிற் சுட்டுப் பெறுதல் நன்று.

நேரும் குறைகளும் அவற்றின் காரணங்களும்

காரணம் அறிந்தார்க்குக் குறை தானே ஆசிரியனாகும். அடிக்கடி நேர்வன சிலவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

அடிப்புறம் வேகாது பிசுபிசுத்தால், பழத்தின் ஈரம் ஒற்றப்படவில்லை, அல்லது தட்டு காயவைக்கப்படவில்லை. மாவு எழாது தட்டையாக நின்று, தட்டெங்கும் நெய் வழிந்திருந்தால், ஓவனின் சூடு குறைவு, அல்லது மாவு இளகிய நிலையிற் புகுந்தது. விளிம்பு ஒருபுறம் மட்டும் எழுந்து மறுபுறம் சாய்ந்தால், கத்தி மழுங்கியது, அல்லது முட்டை வெட்டுமுகத்தில் வழிந்தது. நீண்ட சதுரமாக வைத்த மாவு சுருங்கிக் கோணியிருந்தால், விரித்தபின் அதற்கு ஓய்வு அளிக்கப்படவில்லை. பேரி கடினமாகவே இருந்தால், சர்க்கரையை முன்னரே சேர்த்தனர் என்று கொள்க. இவை ஐந்தனையும் நோக்கின், குளிர், நீர், சூடு என முதலிற் கூறிய மூன்றனுள் ஏதேனும் ஒன்றைப் புறக்கணித்தலே பெரும்பாலும் குறைக்கு மூலமாதல் விளங்கும்.

பிற கனிகள்

பேரி கிடையாத காலத்தில் யாது செய்வதெனின், கொள்கையை அறிந்தார் தாமே முடிவு செய்துகொள்ளலாம். ஒவ்வொரு கனியையும் நோக்கி, இதில் நீர் எவ்வளவு, சூட்டை இது தாங்குமா என்று வினவுதல் போதும்.

பழுத்த பலாச்சுளை தானே இனிப்பும் மணமும் உடையது. கசியும் சாறு குறைவு. ஆதலின், வேகவைக்காது மெல்லிய கீற்றுகளாக அரிந்து நேரே அடுக்கலாம். கொய்யாவை வேகவைத்து, விதையை வடித்து, சர்க்கரையோடு கிளறிக் கெட்டிப்படுத்திப் பரப்புக. அன்னாசி சாறு மிக்கது. சர்க்கரையோடு வதக்கி, நீரை வற்றச் செய்தபின் இடுக. ஏற்காட்டு ஆரஞ்சின் சுளை சூட்டில் சுருங்கி நீர்விடும். அதனைத் தோலோடு மர்மலேடாகக் காய்ச்சிப் பூசுதலே தக்கது. சேலத்து மாம்பழம் சுடப்படுவதால் தன் மணத்தை இழக்கும். ஆகவே, மாவை மட்டும் முதலிற் சுட்டெடுத்து, ஆறியபின் கெட்டித் தயிரையோ பாலேட்டையோ பரப்பி, அதன்மேற் பச்சையாகவே மாம்பழத் துண்டுகளை வைக்க. மலைத்தோட்டங்களில் விளையும் பட்டர் ப்ரூட் என்னும் வெண்ணெய்ப் பழத்தை மட்டும் ஓவனில் வைத்தலாகாது; நெடுநேரச் சூட்டால் அது கசக்கும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், எளிமை என்னும் சொல்லின் உண்மைப் பொருளும் ஒருவாறு புலனாகும். நாம் அரைமணியிற் சுட்டெடுக்கும் அப்பத்தினுள்ளே, விடியுமுன் எழுந்து மாவை நீட்டி மடித்துக் குளிரவைத்த பேக்கரித் தொழிலாளியின் உழைப்பு நூற்றுக்கணக்கான அடுக்குகளாக மடிந்து கிடக்கின்றது. மலைச்சரிவிலே ஏணி சாத்திக் காய் பறித்து, கூடையிற் சுமந்து வழியோரம் கொணர்ந்தாரின் உழைப்பும் அதன்மேற் பரந்து கிடக்கின்றது. விலை கொடுத்தோம் என்பதனால் அவ்வுழைப்பைப் பாழாக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. இளகவிட்டு அடுக்கைக் கெடுத்தலும், கடித்தெறிந்து காயை இகழ்தலும் ஒருதன்மையவான பிழைகளே. பிறர் உழைப்பினால் நமக்கு எளிதாகிய காரியத்தில், அவ்வுழைப்புக்குத் தக்க கவனத்தைச் செலுத்துதல் நாம் செய்யக்கூடிய கைம்மாறாம்.

ஆதலின் மாணவ நண்பர்காள், அடுத்த பேரிக்காலத்தில் ஏற்காட்டிற்குச் செல்வீராயின், வழியோரக் கூடையிலுள்ள வன்காயைக் கண்டு முகஞ்சுளிக்கற்க. ஒரு கிலோ வாங்கிவந்து, கத்தியின் நுனியால் அதன் பதம் அறிந்து, இம்முறையே செய்து பாருங்கள். கல்லென்று கருதிய காய் கனியினும் இனிதாதலை நாவே சான்றாக நின்று உணர்த்தும்.